ஆற்று வாய் அடைத்த வருஷம்

1946 ஏப்ரல் 9, செவ்வாய்

படகில் தூங்குவது பழகிவிட்டது. வீட்டுக்குப் போனால்தான், கட்டில் ஆடாமல் இருப்பது சங்கடமாக இருக்கிறது. "ஊர்ல இருக்கறவன்லாம் ஆபீஸ் போறான், என் தம்பி கடலுக்கு ஆழம் பார்க்கப் போறான்" என்று மர்சலின் அக்கா தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாளாம். சிரிக்கட்டும். அடையாற்று முகத்திலிருந்து கோவளம் வரை கடலோரத்தை அளந்து படம் போடவேண்டும். மழைக்காலப் புயலுக்கு முன்னால் ஒரு தடவை, புயல் அடித்து ஓய்ந்த பின் ஒரு தடவை. மணல் எங்கிருந்து எங்கே போகிறது என்று சர்க்காருக்குத் தெரியவேண்டுமாம். அதுவரை பட்டாளத்தார் கழித்துவிட்ட இந்த மோட்டார் படகுதான் எனக்கு வீடு.

மூன்று பேர் இருக்கிறோம். இன்ஜினியர் கஸ்தூரிரங்கன் சார், படகு ஆற்றுக்குள் நிற்கும் நாட்களில் சாயங்காலம் மயிலாப்பூருக்கு ரசம் சாப்பிடப் போய்விடுவார். சாரங்கு அக்பர் பாஷா படகை ஓட்டுகிறவர், சமைக்கிறவர், கேட்காமலே புத்தி சொல்லுகிறவர். மூன்றாவது நான். ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் விட்டு எத்தனை பாகம் (ஆறடி ஒரு பாகம்) ஆழம் என்று கத்துகிறவன்.

வெயிலுக்குக் கட்டிய கித்தான் இன்று மறுபடி கிழிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அதைக் கான்வென்ட்டில்தான் தைத்துத் தருவார்கள். தையல் டீச்சர் ஜலஜாவிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

"இன்னா தம்பி, காத்தே இல்லாத நாள்ல கூட கியியுது?" என்றார் அக்பர் பாஷா.

ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

வருகிற சனிக்கிழமை ஜலஜாவுக்கு ஞானஸ்நானம். சைதாப்பேட்டையில் அவள் அண்ணன், "எவனோ ஒருத்தனுக்காகத்தான் மாறுற" என்று சொல்லி வாசலை அடைத்துவிட்டான். பெற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். இப்போது கான்வென்ட் விடுதிதான் அவளுக்கு எல்லாம்.

அண்ணன் சொன்னது பொய். என்னைப் பார்ப்பதற்கு முன்பே அவள் ஞானோபதேசம் படிக்கத் தொடங்கிவிட்டாள். அதனால்தான் நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப்போவது அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது, பங்குச் சாமியாருக்கும்கூட. "மொதல்ல சாமிக்காகச் சேர்றேன். உங்க விஷயம் அப்பால. ரெண்டையும் ஒண்ணா வெச்சுத் தெச்சுடாதீங்க" என்றாள். தையல்காரி அல்லவா! சரி என்றேன்.

ஏப்ரல் 20, பெரிய சனி

காலைப் பூசையில் ஞானஸ்நானம் நடந்தது. மர்சலின் அக்கா ஞானத்தாய். ஞானத்தகப்பனாக நிற்கவேண்டிய வில்லியம் மாமா செங்கல்பட்டில் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். உபதேசியார் வாசலுக்கும் பீடத்துக்குமாக நடந்தார். சாமியார், "ஞானத்தாய் ஒருத்தி போதும், ஆரம்பிக்கலாம்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "நான் நிக்கறேன் சாமி."

ஏன் எழுந்தேன்? அவள் தலையில் தண்ணீர் விழும்போது நான் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவா? அவள் தோளில் என் வலது கையை வைத்துக்கொண்டு நின்றேன். சேலை நுனியெல்லாம் நனைந்துவிட்டது. ஆனி என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அவள் ஜலஜாதான். வெளியே வந்ததும், "ஏன் தோளை அப்படி அழுத்திப் பிடிச்சீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள்.

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

ஜூன் 3, திங்கள்

ஆற்றின் வாய் குறுகிக்கொண்டே வருகிறது. மணல் திட்டு இரண்டு பக்கமும் நீண்டு, இடையில் இடுப்பு ஆழம்தான் மிச்சம். முழுவதும் அடைத்துக்கொள்வதற்கு முன் படகை வெளியே கொண்டுவந்துவிட்டோம். இனி மழை வெள்ளம் வந்து உடைத்தால்தான் உள்ளே போகமுடியும். அதுவரை கோவளம்தான்.

திருவான்மியூருக்கு நேரே கரையைப் பார்த்தேன். சவுக்குத் தோப்பு, ஒரு கோபுரம், வலை உலர்த்துகிறவர்கள். கரையில் நிற்கும்போது பெரிதாகத் தெரிகிற எதுவும் இங்கிருந்து பெரிதாகத் தெரியவில்லை. ஈயக் குண்டின் அடியில் கொழுப்புத் தடவி இறக்கினால் கடலடி மண் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு இடத்தில் கறுப்பு மணல், நூறு அடி தள்ளி வெறும் சிப்பித்தூள். இதையெல்லாம் ஜலஜாவுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. அவளுக்குக் கடல் பிடிக்காது, ஆனாலும் கேட்பாள்.

ஜூலை 14, ஞாயிறு

அண்ணன் மனம் இறங்கட்டும், அப்புறம் கோயிலில் கல்யாண ஓலை எழுதிக்கொடுக்கலாம் என்கிறாள் ஜலஜா. அவன் இறங்குவான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் சரி என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்று ஓலை எழுதிக்கொடுக்கப் போனோம். மூன்று ஞாயிறு கோயிலில் எங்கள் பெயரை வாசிப்பார்கள், அக்டோபரில் கல்யாணம். நேற்று மாதா பிறந்தநாள் பூசையிலேயே எனக்குப் பாதிக் கல்யாணம் ஆகிவிட்டது.

சாமியார் சந்தோஷப்பட்டார். "கள்ளப் பசங்களா, இத்தனை நாள் சொல்லவே இல்லையே" என்றார். ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ராஜநாயகம், நீ ஞானோபதேசம் படிச்சவன்தானே?"

"ஆமா சாமி."

"ஞானத்தகப்பனும் ஞானமகளும் கல்யாணம் செய்ய முடியாது. அது ஞான உறவு. மேலிடத்து விலக்கு இல்லாம நான் மந்திரிச்சாலும் அது கல்யாணமே இல்லை."

எட்டு வயதில் வில்லியம் மாமாவிடம் பிரம்படி பட்டு மனப்பாடம் செய்த பாடம். விவாகத் தடைகள் எத்தனை, அவை எவை? கடகடவென்று ஒப்பித்தவன்தான். ஒப்பித்தேன், அவ்வளவுதான்.

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உன்னைத் தூணுக்குப் பின்னால தள்ளியிருப்பேனே" என்றார் சாமியார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர்மேல் கோபப்படக்கூட வழி இல்லை.

தெருவில் வந்து ஜலஜா கேட்டாள். "எனக்குப் பிரியல. இப்ப நீங்க எனக்கு இன்னா வேணும்?"

அவளைக் கான்வென்ட் வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

செப்டம்பர் 10

ஞானத்தாய் ஒருத்தி போதும் என்று சாமியார் அன்றே சொன்னார். எனக்குத்தான் போதவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, மனு போய்விட்டது. அங்கிருந்து இன்னும் மேலே போகவேண்டுமாம். நவம்பருக்குள் வரலாம், வராமலும் போகலாம். டிசம்பர் முதல் தேதி ஆகமன காலம் தொடங்கிவிடும், அப்புறம் கிறிஸ்துமஸ் தாண்டும்வரை கல்யாணம் கிடையாது.

கான்வென்ட் மதர் நல்ல மனுஷி. பெண்ணுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று ஒரு வழி சொல்லியிருக்கிறார். விலக்கு வரும்வரை தனியாகச் சந்திக்கக்கூடாது. ராஜநாயகத்தை அப்பா ஸ்தானத்தில் வைத்து நினைத்துக்கொள், தினமும் அவருக்காக 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே' என்று ஒரு பரலோக மந்திரம் சொல்லு. ஜலஜா இதை அக்காவிடம் சொல்லி, அக்கா என்னிடம் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்பா! எனக்கு இன்னும் ஒழுங்காக மீசைகூட வளரவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு — கோவளம்

அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறாள்: ஒரு ஞாயிறு பூசைக்கு வா, எல்லாரும் பார்க்க எங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார், ஜலஜா கேட்கிறாள். அவளாக எதையும் கேட்கிறவள் இல்லை.

கஸ்தூரிரங்கன் சாரிடம் சொன்னேன். "ஓய், புயல் நாள் பாத்துண்டா வரும்? நானே மயிலாப்பூர் ஆத்துக்குப் போகாம இந்தக் கொசுக்கடியில கெடக்கேன். குண்டு போட உம்மை விட்டா ஆள் கெடையாது. ஒரு புயல் தப்பித்துன்னா இந்த வருஷமே போச்சு. வேலை முடியட்டும், உமக்கு பர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்" என்றார். பர்மனென்ட் ஆனால்தானே குடும்பம் நடத்தமுடியும்? அவளுக்காகத்தானே இதெல்லாம்?

அடுத்த ஞாயிறு போகலாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

போகவில்லை. கடல் தாம்பாளத்தில் ஊற்றின எண்ணெய் மாதிரி கிடக்கிறது. ஒரு அலை இல்லை. அக்பர் பாஷா தூண்டில் போட்டுக்கொண்டு, "இதுல புயலாம்! மேலே ஒரு மேகத்தக் காட்டு பாப்போம்" என்கிறார். மழை வந்து ஆற்று வாய் உடைந்தால் படகை அடையாற்றுக்கே கொண்டுபோய்விடலாம். அங்கிருந்து கோயில் எத்தனை தூரம்? தினமும் போகலாம்.

வரட்டும். வந்து தொலையட்டும்.

நவம்பர் 2, சனி, கல்லறைத் திருநாள்

கால்வாயில் விறகு ஏற்றிவந்த ஓடத்தில் தொற்றிக்கொண்டு போனேன். அப்பா அம்மா கல்லறைக்குப் பூ வைக்க அக்காவோடு ஜலஜாவும் வந்திருந்தாள். இளைத்திருக்கிறாள். பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்களாம்: "டீச்சர், உங்க ஞானத்தகப்பனையே கட்டிக்கப் போறீங்களா?" வீட்டில் பேசுவதைத்தானே பிள்ளைகள் கேட்கும்.

வாசலில் மெழுகுவத்தி விற்கிற பேச்சியம்மாளுக்கு எங்கள் கதை தெரியாது. ஞானஸ்நானத்தன்று கோயிலில் இருந்தவள், அவ்வளவுதான். ஜலஜாவின் கன்னத்தைத் தடவி, "தகப்பன் வந்துட்டாரா? பெத்தவங்க இல்லாத பொண்ணுக்கு ஆண்டவரு ஒரு தகப்பனைக் குடுத்தாரு பாத்தியா" என்றாள். ஜலஜா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானம் என்று நினைத்து அவளைத் தள்ளி அழைத்துப்போனேன்.

"நாளைக்குப் பூசைக்கு இருக்கீங்களா?" என்றாள்.

"ராவோட திரும்பணும். தெற்கே மேகம் இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள்.

நவம்பர் 19, செவ்வாய்

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்களாம். சார் பரபரப்பாக இருக்கிறார். படகை உப்பங்கழிக்குள் இழுத்து மூன்று நங்கூரம் போட்டோம். சாரங்கு அரிசியைத் தகரத்தில் போட்டு மெழுகு வைத்து அடைத்தார். வாடைக்காற்று. வா அப்பா, வா.

நவம்பர் 21

வடக்கே போய்விட்டது. ஓங்கோல் பக்கமாம். இங்கே நாலு தூறல். சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும்தான். அவர் கவலை வேறு.

நவம்பர் 30, சனி

நாளை ஆகமனம் முதல் ஞாயிறு. விலக்கும் வரவில்லை, புயலும் வரவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

விலக்கு வந்துவிட்டது! வில்லியம் மாமாவே கால்வாய் ஓடத்தில் வந்து சொன்னார். பாவம், ரயிலைத் தவறவிட்டது தன் குற்றம் என்று இத்தனை மாதமாக என் முகத்தில் முழிக்காதவர். பொங்கல் கழிந்ததும் கல்யாணம் வைக்கலாம் என்று சாமியார் சொல்லிவிட்டாராம். சார் ஏதோ சொன்னார், என் காதில் விழவில்லை. போகிறேன். புயல் வந்தால் அவரே குண்டு போடட்டும்!

டிசம்பர் 6, வெள்ளி

எழுதித்தான் தீரவேண்டுமா? எழுதுகிறேன்.

கான்வென்ட் முன்னறை. தூரத்தில் ஒரு கன்னியாஸ்திரி ஜெபமாலை உருட்டிக்கொண்டு இருந்தார். ஜலஜா தையல் மிஷினுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், எழுந்து வரவில்லை. விலக்கு வந்த காகிதத்தைச் சாமியார் காட்டினாராம், படித்துவிட்டாளாம்.

"அப்ப பொங்கல் கழிச்சு—"

"வேணாங்க."

யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். குனிந்துகொண்டே பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன், நாளைக்கு நான் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது.

"எங்க நைனா செத்தப்ப நான் சின்னப் பொண்ணு. மூஞ்சி கூட நெனப்பு இல்ல. இங்க உங்களை அப்பாவா நெனச்சு வேண்டிக்கச் சொன்னாங்க. மொதல்ல பல்லைக் கடிச்சுக்கினு சொன்னேன். பொய்தானே, விலக்கு வர்ற வரைக்கும்தானேன்னு. அப்பால ஒரு நாளு பல்லைக் கடிக்காமயே வந்துடுச்சு. எப்பன்னு எனக்கே தெரியல. அன்னைக்கு அந்தக் கெயவி சொன்னப்ப அழுதேனே, வெக்கத்துல அழல. நல்லா இருந்துச்சு, அதான் அழுதேன். இப்ப உங்களை நெனச்சா அந்த எடத்துலதான் கீறீங்க. அங்கேர்ந்து எறக்கி இட்டுக்கினு வர எனக்குத் தெரியல."

"நான் உன் தகப்பன் இல்லடி!" என்று கத்திவிட்டேன். ஜெபமாலை நின்றது.

"தெரியும். ஒரு ஞாயித்துக்கெயமை வந்து பக்கத்துல குந்தியிருந்தீங்கன்னா ஆளு நெனப்புல இருந்திருக்கும். ஆளு வரல. மந்திரம் மட்டும் தெனம் வந்துக்கினு இருந்துச்சு."

காலில் விழுந்திருக்கலாம். விழுந்திருந்தால் அவள் எழுந்து நின்றிருப்பாள், தகப்பன் காலில் விழுந்தால் எந்த மகள் உட்கார்ந்திருப்பாள்? ஐயோ, எனக்கே அந்த நினைப்புத்தான் வருகிறது பார்.

நடந்தே போனேன், திருவான்மியூர் வரை. அப்புறம் யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

டிசம்பர் 8

ஒன்றுமில்லை.

டிசம்பர் 12, வியாழன்

புயல் வந்தது. வேண்டாதபோது.

கூண்டு ஏற்றின செய்தி வருவதற்குள் காற்று வந்துவிட்டது. கழிக்குள்ளேயே அலை. நங்கூரம் இரண்டு பிய்த்துக்கொண்டு போயிற்று, மூன்றாவது பிடித்தது. கித்தான் முதல் அடியிலேயே பறந்தது. சாரங்கு என் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். "உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு நம்பிக்கை இல்ல தம்பி. நீ போனா நானும் வரணும், எனக்கு நாலு பொண்ணு கீது, நெனப்பு வெச்சுக்கோ" என்று காற்றுக்கு மேல் கத்தினார். அவர் தம் துவாவை ஓதினார். நான் பரலோக மந்திரம் சொன்னேன். யாருக்காக என்று யோசிக்கவில்லை. தானாகவே அவளுக்காக வந்தது. அவள் விடுதியின் ஓட்டுக்கூரை தாங்கவேண்டும் என்று.

விடிந்து காற்று ஓய்ந்ததும் குண்டு போட்டேன். தொண்டை கட்டிக்கொண்டு, பாகம் எத்தனை என்பதை விரலால் காட்டினேன். அளவுகள் எல்லாம் கிடைத்துவிட்டன. "பேஷ்! இதுக்காகத்தானே ஓய் தவம் கெடந்தோம்!" என்று சார் என் தோளைத் தட்டினார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிசம்பர் 14

வெள்ளம் வந்து ஆற்று வாய் உடைந்துவிட்டது. படகு அடையாற்றுக்குள் வந்துவிட்டது. கோயில் மணி கேட்கிறது. இனிமேல் தினமும் போகலாம்.

1947 பிப்ரவரி 3

பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அக்கா பாயசம் வைத்தாள். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று படகுக்கு விருந்தாளிகள். பெரம்பூரிலிருந்து ஒரு குடும்பம், அப்பா, அம்மா, பையன். சாரங்கு சின்ன ஓடத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். தட்டில் வெற்றிலை, பழம், கதம்பம். ஆற்றுத் தண்ணீர் அசையவே இல்லை, ஆனாலும் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பையன் பெயர் பிரகாசம், ரயில்வேயில் குமாஸ்தா.

பெண் கேட்க வந்திருக்கிறார்கள். என்னிடம்.

"பொண்ணுக்குப் பெத்தவங்க இல்லை. அண்ணன் பேசமாட்டேன்னுட்டாரு. சாமியார்தான், ஞானத்தகப்பன் இருக்காரு, அவரைக் கேளுங்கன்னாரு" என்றார் பெரியவர். பெண் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அவரு சரின்னா சரின்னுச்சு. ரொம்ப அடக்கமான பொண்ணுங்க."

பெரியவருக்கு என்னைப் பார்த்ததும் ஒரு திகைப்பு. நரைத்த தலையை எதிர்பார்த்து வந்திருப்பார். பழைய கதை அவர்களுக்குத் தெரியுமா? சாமியார் சொல்லியிருக்கமாட்டார். நானும் சொல்லவில்லை.

டீ கொடுத்தேன். பையனிடம் ஏதாவது கேட்கவேண்டும் என்று தோன்றியது. தகப்பன்கள் என்ன கேட்பார்கள்?

"குடிப்பீங்களா?"

"கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம்" என்றான். அவன் அம்மா அவனை முறைத்தார். பொய் சொல்லத் தெரியாத பையன். நல்லவன். நல்லவனாக இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா?

"ஞாயிறு பூசைக்குத் தவறாமப் போவீங்களா?"

"போவேன்."

"அவளைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க. பக்கத்துலயே உட்காருங்க."

சரி என்று தட்டை வாங்கிக்கொண்டேன்.

அவர்களைக் கரையில் விட்டுத் திரும்பிவந்த சாரங்கு துடுப்பை வீசி எறிந்தார். "இல்லன்னு ஒரு வார்த்த சொல்ல வாயி இல்ல உனக்கு? சொல்லியிருந்தா முடிஞ்சுது. அந்தப் பொண்ணும் சரின்னு கெடந்திருக்கும்."

"அதான் சொல்லல."

அவர் எறிந்த துடுப்பை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அடுப்பை மூட்டப் போய்விட்டார்.

மே 12, திங்கள்

வில்லியம் மாமா நேற்றே வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்துதான் பெண் புறப்பட்டாள். கோயிலுக்குக் கிளம்புமுன் பெற்றவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கவேண்டும். அக்காவும் நானும் மாதா படத்துக்கு முன்னால் நின்றோம். அவள் வெள்ளைச் சேலையில் வந்து அக்காவுக்கு முன் மண்டியிட்டாள், பிறகு எனக்கு முன்.

நெற்றியில் சிலுவை போட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"நைனா" என்றாள்.

அவ்வளவு மெதுவாக. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் என்ன செய்தேன்? தலையில் கை வைத்தேன். "எழுந்திரும்மா, நேரமாச்சு" என்றேன். என் குரல்தான். 'அம்மா' என்றுதான் சொன்னேன்.

பீடம் வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பிறகு முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லாம் நன்றாக நடந்தது. அக்பர் பாஷா வாசலிலேயே நின்று, விருந்துச் சமையல்காரனுக்கு பிரியாணியில் உப்புப் போதாது என்று புத்தி சொன்னார். கஸ்தூரிரங்கன் சார் ஒரு வெள்ளிக் கும்பா கொடுத்தார். "பொண்ணு லட்சணமா இருக்கா ஓய். நீர் எப்போ?" என்றார். மழைக்காலம் முடியட்டும் சார் என்றேன்.

மாலையில் பெரம்பூருக்கு வண்டி வந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். பிரகாசம் என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். என்னைவிட ஒரு வயது மூத்தவன்.

"போயிட்டு வரோம், மாமா."

"நல்லபடியா போயிட்டு வாங்க, மாப்பிள்ளை" என்றேன்.